வெங்காயமும் விருத்தியுரையும்: வாரத் தலைப்புப் படப்போட்டிகள் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

வாரம் பிறந்ததும் ஒரு தலைப்பு வரும். ‘நிழல்’ என்றோ ‘சிவப்பு’ என்றோ ‘பொறுமை’ என்றோ அது இருக்கும். வாரம் முடிவதற்குள் அதற்குப் பொருந்துமாறு ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும். இதுதான் வாரத் தலைப்புப் படப்போட்டி. போட்டி என்று பெயரே தவிர, பெரும்பாலும் பரிசு கிடையாது. பத்துப் பேர் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு மொய் வகையைச் சேர்ந்தது, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பி வைத்தாக வேண்டும். இருந்தும் மருத்துவர், கணக்காளர், கல்லூரி மாணவர், பணி ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி என்று உலகமெங்கும் பலதரப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்குச் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் கரண்டியுமாக நின்றுகொண்டிருக்கிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் இதை ஒரு நோய் என்கிறார்கள். கலந்துகொள்பவர்கள் இதைப் புகைப்படப் பயிற்சி என்கிறார்கள். இரு தரப்பாரும் பிழைபட்டனர் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

வாரத் தலைப்புப் படப்போட்டிக்கும் புகைப்படக்கலைக்கும் உள்ள உறவு, ஓலைச்சுவடிக்கும் பனைமரத்துக்கும் உள்ள உறவு போன்றது. மூலப்பொருள் அங்கிருந்து வருகிறது, அதோடு சரி. இந்தப் போட்டி உண்மையில் உரையியலின் ஒரு கிளை. தலைப்பு என்பது நூற்பா. படம் என்பது அதற்கு வரையப்பட்ட உரை. கலந்துகொள்பவர் உரையாசிரியர். கேமரா அவருடைய எழுத்தாணி. எழுத்தாணியின் கூர்மையை வைத்துப் பரிமேலழகரை எடைபோட்டவர் யாரும் இல்லை. அதுபோல லென்ஸின் விலையை வைத்து இவர்களை எடைபோடுவதும் முறையாகாது. இதைச் சொல்வதால், படப்போட்டியைத் தமிழன்தான் கண்டுபிடித்தான் என்று நிறுவ வருவதாக யாரும் அஞ்ச வேண்டாம். அந்தக் கட்டுரையை எழுதத் தகுதியானவர்கள் நாட்டில் ஏராளம்; அவர்கள் பிழைப்பில் மண்ணள்ளிப் போடுவது நம் நோக்கமன்று. உரை எழுதுவது எப்படி என்று ஈராயிரம் ஆண்டு இலக்கியத்தை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு சமூகத்துக்கு, உலகில் எங்கு உரை எழுதப்பட்டாலும் மூக்கில் வாசம் வந்துவிடும் என்பது மட்டுமே நம் கட்சி.

2. காலக் கணக்குச் சான்று

கணக்கோடு மல்லுக்கு நிற்பவர் குறைவு. ஆகவே அதை முதலில் வைப்போம். சாதாரணப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுக்க கேமராவின் ஷட்டர் ஒரு நொடியில் 125இல் ஒரு பங்கு நேரம் திறந்தால் போதும். வாரம் ஒரு படம் என்றால் ஆண்டுக்கு 52 படங்கள். ஐம்பத்திரண்டையும் கூட்டினால் 0.416 நொடி வருகிறது. அதாவது ஒரு வாரமும் தவறாமல் கலந்துகொண்ட கடமை வீரர் ஒருவர், ஓராண்டு முழுவதும் ஒளியை உள்ளே விட்ட நேரம் நிதானமாக ஒருமுறை கண்ணிமைக்கும் நேரம்தான். ஒரு தலைப்புக்கு 200 படம் எடுத்து அதில் ஒன்றைப் பொறுக்குபவர் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 83 நொடி சொச்சம். ஒரு முட்டை அரைவேக்காடு ஆகக்கூடப் போதாது. ஒவ்வொரு வாரமும் இரவில் முக்காலி வைத்து முப்பது நொடி ஷட்டரைத் திறந்து வைக்கும் நட்சத்திரப் பித்தருக்கே ஆண்டுக்கு 26 நிமிடம்தான் ஆகிறது. ஆனால் ஐம்பத்திரண்டு வாரத்தில் இருப்பவை 3,14,49,600 நொடிகள். மீதி நேரமெல்லாம் இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டிருந்தார்கள். ‘பொறுமை’ என்று தலைப்பு வந்த வாரத்தில் கலந்துகொள்பவர் கண்ணுக்கு உலகம் முழுவதும் பொறுமையால் நிரம்பி வழிகிறது. பேருந்து நிறுத்தம் பொறுமை. நியாயவிலைக் கடை வரிசை பொறுமை. மீன்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பூனை பொறுமையின் இலக்கணம். அடுத்த வாரம் தலைப்பு ‘வளைவு’ என்று மாறியதும் அதே பேருந்து நிறுத்தத்தில் கூரை மட்டும் தெரிகிறது, அதே பூனையில் வால் மட்டும் தெரிகிறது. பூனை மாறவில்லை, லென்ஸ் மாறவில்லை, வாரமும் சொல்லும்தான் மாறின. ஒரு செயலில் செலவாகும் நேரத்தில் மிகப் பெரும்பகுதி சொல்லுக்குப் பொருள் காண்பதில் போகிறதென்றால், அந்தச் செயலுக்குப் பெயர் உரை காணல். சமையலில் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறோம் என்பதற்காக அதை உப்பளத் தொழில் என்பதில்லை.

3. பெயர்ச் சான்றும் அளவுச் சான்றும்

இந்தப் போட்டிகளுக்கு இடப்பட்டிருக்கும் பெயர்களை ஆராய்ந்தால் சொல்லின் ஆட்சி இன்னும் தெளிவாகும். ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் திங்கள்தோறும் நடப்பது ‘மேக்ரோ மண்டேஸ்’. வெள்ளிக்கிழமை வேலிகளைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் வேலி வாழ்த்துச் சொல்லிக்கொள்வது ‘ஃபென்ஸ் ஃப்ரைடே’. ஞாயிறன்று கணினியில் படத்தின் நிறத்தையும் ஒளியையும் மனம்போல இழுத்து விளையாடுவது ‘ஸ்லைடர்ஸ் சண்டே’. வெள்ளிக்கிழமை வேலிகள் மற்ற நாள்களைவிட அழகாக இருக்கும் என்று எந்த ஒளியியல் நூலும் சொல்லவில்லை. திங்கட்கிழமை எறும்புகள் கூடுதலாக ஒத்துழைப்பதாகவும் தகவல் இல்லை. மோனை கேட்டது, கிழமை கொடுத்தது. ‘தர்ஸ்டே டோர்ஸ்’ என்று வியாழக்கிழமையோடு கதவு மட்டும் எந்த மோனையும் இன்றி ஒட்டிக்கொண்டிருக்கிறது. விதி என்று ஒன்றிருந்தால் புறனடையும் வேண்டும் என்பதால் அதை அப்படியே விட்டுவிடலாம். ஆக, எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதையே யாப்பு முடிவு செய்கிறது. யாப்பு முடிவு செய்யும் ஒன்றைக் கலைக்கல்லூரியில் புகைப்படத் துறையில் தேடுவது, பலாப்பழத்தை வேரில் பழுக்கும் என்று கேள்விப்பட்டுக் கிழங்குக் கடையில் தேடுவதற்குச் சமம்.

சொல் தளர்வானது, அளவு உறுதியானது என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் மேக்ரோ மண்டேஸின் புகழ்பெற்ற விதியைச் சுட்டுவார்கள். படத்துக்குள் அடங்கும் காட்சியின் நீளம் 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்த விதி. அளவுகோலால் அளக்கலாம், உரைக்கு இடமில்லை என்று தோன்றும். ஆனால் மேக்ரோ என்றால் என்ன? பழைய இலக்கணப்படி, பொருளின் உருவம் ஃபிலிமிலோ சென்சாரிலோ பொருளின் அளவுக்கே விழ வேண்டும், ஒன்றுக்கு ஒன்று. முழுச் சட்ட சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். மூன்று அங்குலம் என்பது 76 மில்லிமீட்டர். எழுபத்தாறை முப்பத்தாறில் அடைத்தால் பொருள் பாதியளவுக்கும் சற்றுக் குறைவாகவே விழுகிறது. அதாவது மேக்ரோ என்ற சொல்லுக்குத் தாராள மனம் படைத்த யாரோ ஒருவர் ‘பாதியும் மேக்ரோவே’ என்று உரை எழுதியிருக்கிறார். அந்த உரையே பிறகு விதியாகிவிட்டது. உரை மூலமாக மாறிவிடுவது நமக்குப் புதிதல்ல. பரிமேலழகர் சொன்னதைத் திருவள்ளுவர் சொன்னதாகவே நினைத்து மேடையில் முழங்குவோர் இன்றும் இருக்கிறார்கள்.

4. உரையாசிரியர் வகைப்பாடு

கலந்துகொள்வோரை அவர்கள் வைத்திருக்கும் கேமராவை வைத்து வகைப்படுத்துவது கடைக்காரர் வழக்கம். உரை மரபை வைத்து வகைப்படுத்தினால் பல புதிர்கள் தாமே அவிழ்கின்றன. தலைப்பு ‘சிவப்பு’ என்று கொள்வோம். தக்காளியைப் படமெடுத்து அனுப்புபவர் பதவுரைகாரர். சொல்லுக்குச் சொல் பொருள். அதற்கு மேல் ஒரு மாத்திரைகூடக் கிடையாது. இவர்களை ஏளனம் செய்வது எளிது, ஆனால் பதவுரை இல்லாமல் எந்த நூலும் நிலைத்ததில்லை. சிவப்பு விளக்கின் முன் உறுமிக்கொண்டு நிற்கும் இருசக்கர வாகனக் கூட்டத்தை அனுப்புபவர் பொழிப்புரைகாரர். சொல்லை விட்டு அதன் திரண்ட கருத்தைப் பிடிக்கிறார். கறுப்பு வெள்ளையில் அதே தக்காளியை எடுத்து, பார்ப்பவர் மனத்தில் சிவப்பு தானே எழும் என்று வாதிடுபவர் விருத்தியுரைகாரர். வினாவும் விடையும் அவரே. ஒரு பொட்டுச் சிவப்பும் இல்லாத பச்சை வயலை அனுப்பி, சிவப்பின் இன்மையால் சிவப்பை உணர்த்தினேன் என்பவர் எதிர்மறை உரைகாரர். இவரிடம் வாதாடி வென்றவர் இல்லை.

சிலேடை உரைகாரர் தனி வகை. ‘லைட்’ என்ற ஆங்கிலத் தலைப்புக்கு விளக்கை விட்டுவிட்டு இறகைப் படமெடுப்பவர் அவர், கனமின்மையும் லைட்தானே? இங்கே தமிழ் தெரிந்தவருக்கு உலகில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. ஃபென்ஸ் ஃப்ரைடேக்கு வேலியின் படம் கேட்கிறார்கள். முள்வேலி, கிளுவை வேலி எதுவும் கிடைக்காத தஞ்சாவூர்க்காரர் பரந்து கிடக்கும் நெல்வயலை எடுத்து அனுப்பலாம். அது வேலிதான், 20 மா கொண்டது ஒரு வேலி, ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். நடுவர் ஏற்கமாட்டார் என்பது வேறு விஷயம். நடுவருக்கு நில அளவை தெரியாததற்கு உரையாசிரியர் பொறுப்பாக முடியாது.

எல்லாருக்கும் மேலே நிற்பவர் மாட்டுரைகாரர். பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், பாட்டின் ஓரிடத்தில் உள்ள சொல்லை வெகு தொலைவில் உள்ள இன்னொரு சொல்லோடு கொண்டுபோய்ப் பூட்டிப் பொருள் உரைப்பார். அதற்கு மாட்டு என்று பெயர். முல்லைப்பாட்டை ஆராய்ந்த மறைமலையடிகள் இந்த முறையை ஏற்காமல் கண்டித்தார். அடிகள் இன்று இருந்து, ‘சுதந்திரம்’ என்ற தலைப்புக்கு வந்திருக்கும் தேநீர்க் குவளைப் படத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். படத்துக்குக் கீழே எட்டு வரி விளக்கம் இருக்கும். குவளையிலிருந்து ஆவி எழுகிறது, ஆவி கட்டுப்படாதது, கட்டுப்படாதது சுதந்திரம். மூன்றே தாவலில் அடுப்படியிலிருந்து செங்கோட்டைக்குப் போய்விட்டார். நச்சினார்க்கினியர் இதைப் பார்த்து மகிழ்ந்திருப்பார் என்றே கொள்ள வேண்டும்.

5. வெங்காயச் சான்று

உரைதான் முதன்மை, பொருள் இரண்டாம்பட்சம் என்பதை ஒரே ஒரு பொருளை வைத்து நிறுவிவிட முடியும். அது வெங்காயம். தலைப்பு ‘அடுக்குகள்’ என்றால் குறுக்கே அரிந்த வெங்காயம். ‘வட்டம்’ என்றாலும் அதே துண்டுதான், சற்று மேலிருந்து. ‘ஒளி ஊடுருவல்’ என்றால் அதன் ஒரு வளையத்தை உரித்தெடுத்து விளக்குக்கு முன் பிடிக்க வேண்டும், நரம்புகள் தெரியும். ‘சொரசொரப்பு’ என்றால் காய்ந்த மேல்தோல். ‘எளிமை’ என்றால் வெள்ளைத் தாளின் ஓரத்தில் ஒற்றை வெங்காயம், மீதி எல்லாம் வெற்றிடம். ‘துயரம்’ என்றால் அரிபவரின் கண். ‘நம்பிக்கை’ என்றால் கூடையின் அடியில் கவனிக்காமல் கிடந்து முளைவிட்டது. ‘விலைவாசி’ என்றால் விளக்கமே வேண்டாம். ‘வெறுமை’ என்று தத்துவத் தலைப்பு வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. உரித்துக்கொண்டே போனால் உள்ளே ஒன்றும் இல்லை என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டாம், பெரியார் மேடை மேடையாக அந்தச் சொல்லைப் பயன்படுத்தி முடித்துவிட்டார். ஒன்பது தலைப்பு, ஒரு வெங்காயம். வேறுபட்டது எது? உரை மட்டுமே.

சமையலறைப் பொருளைக் கேலி செய்வோர் வரலாறு அறியாதவர்கள். ஹங்கேரியில் பிறந்த ஆந்த்ரே கெர்தேஸ் 1928இல் பாரிஸில் எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்றில் இருப்பவை ஒரு முள்கரண்டி, அது சாய்ந்திருக்கும் தட்டின் விளிம்பு, இரண்டின் நிழல், அவ்வளவுதான். 1930இல் அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துப் படமெடுத்து, அதற்கு ‘மிளகாய் எண் 30’ என்று பெயரிட்டார். முப்பது என்ற எண்ணே அந்த வீட்டில் நடந்த பாட்டைச் சொல்லிவிடுகிறது. வாரக் கெடு எதுவும் இல்லாமலே ஒரு மனிதர் இத்தனை மிளகாய்களோடு போராடியிருக்கும்போது, கெடு கழுத்தில் நிற்கும் ஒருவர் ஒரு வெங்காயத்தோடு நிறுத்திக்கொள்வது அடக்கத்தின் அறிகுறியாகும்.

6. தலைப்பிடுவோர்

நூற்பா செய்பவரும் உரை எழுதுபவரும் வேறு வேறானவர்கள் என்பது நம் மரபு. படத்துறையிலும் அப்படியே இருந்ததற்குத் தக்க சான்று உண்டு. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்கக் கிராமங்கள் பட்ட பாட்டைப் பதிவு செய்ய அந்நாட்டு அரசு ஒரு புகைப்படப் பிரிவை வைத்தது. பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அமைப்பின் கீழ் அது பெயர் பெற்றது. டோரத்தியா லாங்கே, வாக்கர் எவன்ஸ், ரஸல் லீ போன்றவர்கள் அதற்காக ஊர் ஊராக அலைந்தார்கள். அவர்களுக்கு இன்னின்னவற்றைப் படமெடுங்கள் என்று தலைப்புப் பட்டியல்கள் எழுதி அனுப்பியவர் ராய் ஸ்ட்ரைக்கர். 1936இல் அவர் கொடுத்த தலைப்புகளில் ஒன்று ‘மாலை நேரத்தில் வீடு’. இன்றைய வாரத் தலைப்பாக அப்படியே வைத்தாலும் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். இங்கே ஆய்வாளர் கவனிக்க வேண்டியது ஒன்று: ஸ்ட்ரைக்கர் புகைப்படக்காரர் அல்லர், பொருளியல் கற்பித்தவர். கேமரா பிடிக்காத ஒருவர் சொற்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தச் சொற்களுக்கும் அவற்றின் வழியில் பிறந்தவற்றுக்கும் எழுதப்பட்ட உரைகள் சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களாக இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. தமக்குப் பிடிக்காத உரைகளின் நெகட்டிவில் அவர் ஓட்டை போட்டுவிடுவார் என்பதும் வரலாறு. இன்றைய போட்டி நடத்துபவர்கள் இருதயக் குறி போடாமல் கடந்து போவதோடு நிறுத்திக்கொள்வது நாகரிக வளர்ச்சியைக் காட்டுகிறது.

7. நடுவர் சான்று

எந்தப் போட்டியின் இயல்பையும் அதில் எழும் சண்டையை வைத்து அறியலாம். ஓட்டப் பந்தயத்தில் சண்டை நேரத்தைப் பற்றி எழும். கோலப் போட்டியில் புள்ளியைப் பற்றி எழும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நடக்கும் டிபிசேலஞ்ச் என்ற போட்டியில் ஒரு படத்துக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார்கள். அங்கே ஒரு படத்தின் மேல் வைக்கப்படும் மிகக் கடுமையான குற்றச்சாட்டு ‘தலைப்புக்குப் பொருந்தவில்லை’ என்பது. அடிக்கடி சொல்ல வேண்டியிருந்ததால் அதை நான்கு எழுத்துச் சுருக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். படம் மங்கலாக இருந்தால் மன்னிப்பு உண்டு. அடிவானம் சாய்ந்திருந்தால் அதை ஒரு பாணி என்று சொல்லித் தப்பலாம். பொருள்கோளில் தவறினால் கதி இல்லை. சண்டை உரையைப் பற்றியது என்றால் போட்டியும் உரையைப் பற்றியதாகவே இருக்க வேண்டும்.

இனி, இந்த ஆய்வின் தலையாய ஒப்புமைக்கு வருவோம். இறையனார் களவியலுக்கு உரை எழுந்த கதை அதன் உரையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அறுபது நூற்பா, அதற்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தனித்தனியே உரை கண்டார்கள், எது மெய்யுரை என்று தீர்க்க ஆள் இல்லை. கடைசியில் உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் என்ற ஐந்து வயதுச் சிறுவனை நடுவராக அமர்த்தினார்கள். அவன் வாய் பேசாதவன். மருதன் இளநாகனார் உரைத்தபோது சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரர் உரைத்தபோது பதந்தோறும் அவ்வாறு ஆனான். நக்கீரர் உரையே மெய்யுரை ஆயிற்று. ஒரே மூலம், நாற்பத்தொன்பது பதிவுகள், வாய் திறக்காமல் உணர்ச்சியை மட்டும் காட்டும் நடுவர். ஒரு வார்த்தையும் எழுதாமல் இருதயக் குறியை மட்டும் தொட்டுவிட்டுப் போகும் இன்றைய பார்வையாளர் யாருடைய வாரிசு என்பது இப்போது விளங்கும். ஒரே வேறுபாடு, உருத்திரசன்மன் நாற்பத்தொன்பது உரைகளையும் முழுமையாகக் கேட்டான்.

8. மறுப்பும் விடையும்

முதல் மறுப்பு: இப்போட்டிகளால் புகைப்படத் திறன் வளர்கிறதே? அபர்ச்சர் என்றால் என்னவென்று தெரியாமல் சேர்ந்தவர்கள் ஆறு மாதத்தில் பின்புலத்தை மங்கலாக்கக் கற்றுக்கொள்கிறார்களே? வளர்கிறது, மறுக்கவில்லை. ஏடு ஏடாக எழுதியவர்களுக்குக் கையெழுத்தும் திருந்தியிருக்கும். அதற்காக விருத்தியுரையைக் கையெழுத்துப் பயிற்சி என்று நூலகத்தில் அடுக்குவதில்லை. திறன் ஒன்றே குறிக்கோளாக இருந்தால் ஒரே மரத்தை ஐம்பத்திரண்டு வாரம் எடுத்தாலும் வந்துவிடும், தலைப்பு எதற்கு? ஒருவர் தலைப்பு வேண்டும் என்று கேட்கும் கணமே, கைக்குப் பயிற்சி தேடவில்லை, மனத்துக்கு மெல்ல ஏதாவது தேடுகிறார் என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

இரண்டாம் மறுப்பு சற்று வன்மையானது. பலர் அந்த வாரத்தில் படமே எடுப்பதில்லை. ஹார்டு டிஸ்கில் கிடக்கும் பழைய படம் ஒன்றைத் தேடியெடுத்துத் தலைப்புக்குப் பொருத்திவிடுகிறார்கள். இது ஏமாற்று வேலை அல்லவா? போட்டி நடத்துபவர்கள் சிலர் அப்படித்தான் கருதினார்கள். இன்ஸ்டாகிராம் ஒரு காலத்தில் வெள்ளிதோறும் வார இறுதித் தலைப்பு ஒன்றை அறிவித்தபோது, அந்த வார இறுதியில் எடுத்த படம் மட்டுமே செல்லும் என்று விதித்தது. படக்கோப்புக்குள் நாளும் நேரமும் பதியும் எக்ஸிஃப் முறை இருப்பதால் களவைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஆனால் நம் கோட்பாட்டின்படி பார்த்தால் இதில் களவே இல்லை. புறநானூற்றுப் பாடல்களில் பெரும்பாலானவற்றின் அடியில் இன்ன திணை, இன்ன துறை என்று குறிப்பு இருக்கிறது. புலவர்கள் அந்தத் தலைப்புகளை முன்னால் வைத்துக்கொண்டு பாடவில்லை. பின்னால் வந்தவர்கள் வகுத்துச் சேர்த்தார்கள் என்பதே அறிஞர் பலர் கொள்கை. இலக்கியம் முன்பு, இலக்கணம் பின்பு. நான்கு ஆண்டுக்கு முன் கொடைக்கானலில் எடுத்த படத்துக்கு இந்த வாரம் ‘மௌனம்’ என்று துறை வகுப்பவர் ஏமாற்றுக்காரர் அல்லர்; தொகுப்பாசிரியர். உழைப்பும் குறைவில்லை. பதினேழாயிரம் படத்தில் மௌனமாக இருக்கும் ஒன்றைத் தேடுவது, புதிதாக ஒன்று எடுப்பதைவிட நேரம் பிடிக்கும் வேலை.

மூன்றாம் மறுப்பைக் கலைஞர்கள் எழுப்புகிறார்கள். நல்ல படத்துக்குச் சொல் வேண்டாம், படம் தானே பேசும் என்பது அவர்கள் கட்சி. ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸைச் சாட்சிக்கு அழைப்போம். 1922 முதல் அவர் வானத்து மேகங்களைப் படமெடுத்தார். முதலில் அவற்றை இசை என்றார். அடுத்த ஆண்டு வானத்துப் பாடல்கள் என்றார். பிறகு தம் மனநிலைகளுக்கு நிகரானவை என்ற பொருளில் ‘நிகர்கள்’ என்று பெயரிட்டார். மேகம் மேகமாகத்தான் இருந்தது. படம் தானே பேசியிருந்தால் ஸ்டீக்லிட்ஸ் அதற்கு மூன்று பெயர் வைத்திருக்க வேண்டியதில்லை.

நான்காவதும் கடைசியுமான மறுப்பு: பெரிய கலைஞர்கள் ஒரு தலைப்பை வாழ்நாள் முழுவதும் பிடித்துக்கொள்வார்கள், வாரத்துக்கு ஒன்று தாவுவது மேம்போக்கு. ஜெர்மானியரான பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதி 1959 முதல் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களையும் உலைக்களங்களையும் மேகமூட்டமான வானத்தின் கீழ் நேருக்கு நேர் நின்று எடுத்து வரிசை வரிசையாக அடுக்கினார்கள். உண்மை. ஆனால் அவர்கள் 1970இல் வெளியிட்ட நூலுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? ‘பெயரறியாச் சிற்பங்கள்’. இருபது ஆண்டு கழித்து, 1990இல், வெனிஸ் கலைக் கண்காட்சி அவர்களுக்குத் தங்கச் சிங்கம் விருதை வழங்கியது, சிற்பத்துக்காக! கல்லையோ களிமண்ணையோ தொடாமல், ஒரு தலைப்பு வைத்ததால் தண்ணீர்த் தொட்டிகள் சிற்பமாயின. புகைப்படத்தைச் சிற்பம் என்று உலகம் பரிசு கொடுத்து ஒப்புக்கொண்டிருக்கும்போது, வெங்காயப் படத்தை உரை என்று இக்கட்டுரை சொல்வதில் என்ன குற்றம் இருக்க முடியும்? மறுப்பாகக் கொண்டுவரப்பட்ட சான்று நம் கட்சிக்கே சாட்சி சொல்லிவிட்டுப் போனதால் விவாதத்தை இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

9. முடிவும் பரிந்துரையும்

உரை எல்லாம் சமம் என்று இதனால் சொன்னதாகக் கொள்ளக் கூடாது. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பார்கள். இன்று முழுமையாகக் கைக்குக் கிடைப்பது ஐவர் உரை. அந்த ஐவரிலும் வீட்டு அலமாரிவரை வந்து சேர்ந்தவர் ஒருவர். நல்ல உரை படித்தவனை மீண்டும் மூலத்துக்கு அனுப்பும். தேநீர்க் குவளையைப் பார்த்தபின் ‘சுதந்திரம்’ என்ற சொல்லை ஒரு கணமேனும் புதிதாக யோசிக்க வைத்தால் அது நல்ல உரை. குவளையை யார் கழுவுவது என்று மட்டும் யோசிக்க வைத்தால் அது மாட்டு. வாரம் ஒரு சொல்லைப் பையில் போட்டுக்கொண்டு, அதற்கு என்னதான் பொருள் என்று கடைத்தெருவையும் கூரையையும் பூனையையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் ஒருவர், அகராதி புரட்டுகிறவர் செய்யாத ஒன்றைச் செய்கிறார். அந்த மட்டில் இவர்களைப் புகைப்படக்காரர்கள் என்று குறைத்து மதிப்பிடுவதை வீட்டாரும் நண்பர்களும் இனி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தமிழில் இப்போட்டிகளை நடத்த முன்வருவோர் பயனுக்காக மோனை வழுவாத கிழமை அட்டவணை ஒன்றும் இங்கே முன்மொழியப்படுகிறது. திங்கள் திண்ணை, செவ்வாய் செருப்பு, புதன் புத்தகம், வியாழன் விளக்கு, சனி சன்னல். வெள்ளிக்கு வேலி மொழிபெயர்த்த பின்னும் மோனை கெடாமல் நிற்கிறது. அந்த வேலியை யாரும் தாண்ட வேண்டியதில்லை. ஞாயிறுதான் சிக்கல், ஞகரத்தில் தொடங்கும் பொருளைத் தேடினால் சங்க இலக்கியத்து ஞாழல் மரத்தடியில் போய் நிற்க வேண்டும். ஆனால் ஞகரத்துக்கு நகரம் இனமோனையாக வரலாம் என்று யாப்பு இடம் தருகிறது. ஆகவே ஞாயிறு நாய். தெருவில் தூங்கும், அசையாது, கட்டணம் கேட்காது.

இந்த அட்டவணை நடைமுறைக்கு வரும்வரை தலைப்பு எங்கிருந்து எந்த வடிவில் வரும் என்று சொல்வதற்கில்லை. கெடு மட்டும் ஞாயிறு நள்ளிரவில் தவறாமல் வரும், அந்த நேரத்தில் கடை எதுவும் திறந்திருக்காது. ஆகவே கலந்துகொள்ள நினைக்கும் வாசகருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டில் ஒரு வெங்காயம் எப்போதும் இருக்கட்டும்.